சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்: நவீனக் கட்டடக்கலையும் புலம்பெயர்வின் அரசியலும்



கட்டடக்கலைக்கு இலக்கிய அவையில் என்ன இடம் என்னும் வினா எழுவது இயல்பே. அதற்குச் சீத்தலைச் சாத்தனாரே விடை தருகிறார். மணிமேகலையின் பத்தொன்பதாம் காதையில், சோழ மன்னன் மாவண்கிள்ளி தன் தேவியுடன் பூம்பொழிலில் உலவியபின் ஒரு மண்டபத்துள் புகுகிறான். அம்மண்டபத்தின் பொன்னையும் மணியையும் வருணிக்கும் புலவர், அதனைச் செய்தவர் யார் என்பதையும் மறவாமல் பதிவு செய்கிறார். மகத நாட்டு வினைஞரும், மராட்டக் கம்மரும், அவந்தி நாட்டுக் கொல்லரும், யவனத் தச்சரும் தமிழ்நாட்டுக் கைவினைஞரோடு கூடிச் செய்த மண்டபம் அது. கட்டடக்கலைக்கு உலகத் தொடர்பு என்பது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அக்காதையின் பெயர் ஈண்டு நினைக்கத்தக்கது. அது 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' ஆகும். காயசண்டிகையின் வடிவம் கொண்ட மணிமேகலை, அமுதசுரபியுடன் சிறைக்கோட்டம் புகுந்து அங்கிருந்தோரின் பசி தீர்க்கிறாள். அச்செய்தி மன்னனின் செவியை அடைகிறது. அவன் அவளை அழைத்து, வேண்டுவது யாது என வினவுகிறான். சிறையை அறக்கோட்டமாக்குக என அவள் வேண்ட, அவ்வாறே செய்கிறான். பல நாட்டாரின் கை கூடிய மண்டபமும், மனிதரை அடைத்து வைத்த சிறையும் ஒரே காதையில் இடம்பெறுகின்றன. அயல்நாட்டுத் தச்சனை வரவேற்கும் நகரத்திலேயே அடைத்து வைக்கும் கோட்டமும் உண்டு என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை.

நவீன காலத்திலும் இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன. நாடுகளைக் கடந்து வந்த கைகளால் எழுந்த கட்டடம் ஒருபுறம். நாடுகளைக் கடந்து வந்த மனிதரை நிறுத்தி வைக்க எழுந்த கொட்டகை மறுபுறம். இரண்டும் பல வேளைகளில் ஒரே வடிவின, அதாவது வரிசையாக அமைந்த சிற்றறைகள். வடிவம் ஒத்திருக்க, ஒன்று அறக்கோட்டமாகவும் மற்றொன்று சிறைக்கோட்டமாகவும் ஆவது எதனால் என்பதே இவ்வுரையின் பொருள்.

சொல்லும் ஓடும்

கொங்கு நாட்டு வீட்டிலிருந்தே தொடங்கலாம். அவ்வீட்டின் சன்னல், சாவி, அலமாரி, மேசை ஆகிய நான்கும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். காலதர், சாளரம் எனப் பழஞ்சொற்கள் இருக்கவே சன்னல் வந்து சேர்ந்தது. வந்த சொல்லை மொழி வாயிலில் நிறுத்தி விசாரிக்கவில்லை. ஒலியைச் சற்றே திருத்தி உள்ளே விட்டது. இன்று பவானிக் கைத்தறிக் கூடத்தில் சன்னல் ஓரம் அமர்ந்து ஜமக்காளம் நெய்பவருக்கு அச்சொல் அயற்சொல்லாகத் தோன்றுவதில்லை.

இனிக் கூரையைக் காண்போம். இவ்வட்டாரத்தின் பழைய வீடுகளில் நாட்டு ஓட்டை அடுத்து ஏறியது மங்களூர் ஓடு. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பேசல் மிஷன் என்னும் சமய அமைப்பு, 1865-இல் மங்களூரில் ஓட்டாலை தொடங்கியது. மதம் மாறியதால் சாதித் தொழிலையும் சுற்றத்தின் ஆதரவையும் இழந்தவர்களுக்குப் பிழைப்பு வழி காட்டுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. நேத்திராவதி ஆற்றங்கரைக் களிமண்ணும் ஐரோப்பியரின் அச்சு முறையும் கூடிப் பிறந்த அந்தச் சிவந்த ஓடு, மேற்குக் கடற்கரையெங்கும் பரவிப் பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பாலும் வந்தது. ஒன்றோடொன்று பொருந்திப் பூட்டிக்கொள்ளும் அமைப்பும் குறைந்த எடையும் கொண்டது அது. சாதாரண உழவர் வீட்டுக்கும் நெசவாளர் வீட்டுக்கும் உலகக் கட்டடத் தொழில்நுட்பம் முதன்முதலில் வந்த வழிகளுள் இது ஒன்று எனலாம்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. பேசல் மிஷனின் ஊழியருள் பலர் ஜெர்மானியர். ஆங்கில அரசு அவர்களைப் பகைநாட்டார் எனக் கொண்டு காவலில் வைத்தது. பின்னர் நாட்டைவிட்டு அனுப்பியது. ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் ஆங்கில நிறுவனத்தின் கைக்கு மாறின. ஆனால், அவ்வாலைகளின் ஓடுகளைக் கூரையிலிருந்து இறக்குமாறு எவரும் கட்டளையிடவில்லை. பொருள் பகைநாட்டுப் பொருளாகாமல், அதைச் செய்யக் கற்றுத் தந்தவன் மட்டும் பகைநாட்டான் ஆகிறான். நவீனக் கட்டடக்கலையின் உலகத் தொடர்பு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் காணத் தவறும் முரண் இது. பொருளுக்கும் பாணிக்கும் திறக்கும் எல்லை, மனிதனுக்கு மூடிக்கொள்கிறது.

புதுச்சேரியில் ஒரு விடுதி

இம்முரணை முழுமையாகக் காட்டும் கட்டடம் ஒன்று தமிழ் மண்ணிலேயே உண்டு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியாகிய கோல்கொண்டே அது. 1937-இல் பணி தொடங்கி, போர்க்காலத் தட்டுப்பாடுகளுக்கிடையே 1940-களில் நிறைவுற்றது. லெ கொர்புசியே சண்டிகர் நகரை வடிவமைக்க இந்தியாவுக்கு வந்தது 1951-இல். அதற்கும் பல ஆண்டுகள் முன்னரே, கம்பி வைத்து வார்த்த கான்கிரீட்டில், ஒப்பனை ஏதுமின்றி, தட்பவெப்பத்தை உணர்ந்து எழுந்த கட்டடம் இது. இந்தியாவின் நவீனக் கட்டடக்கலை வரலாற்றைக் கோல்கொண்டேயிலிருந்து தொடங்கும் ஆய்வாளர்கள் உளர்.

புதுச்சேரியில் அது எழுந்ததும் தற்செயல் அன்று. பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் அந்நகரம் ஆங்கில அரசின் கைக்கு எட்டாத புகலிடமாக விளங்கியது. 1908-இல் பாரதியார் அங்குச் சென்றார். 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் சென்றனர். பத்தாண்டுகள் அங்குத் தங்கிய பாரதியார் 1918-இல் எல்லையைக் கடந்தவுடன் கடலூரில் கைது செய்யப்பட்டார். சில கல் தொலைவில் ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் கவிஞன், இப்பால் கைதி. தமிழ்க் கவிதையின் வளமான காலப்பகுதி ஒன்று இவ்வாறு புலம்பெயர்ந்த வாழ்வில் விளைந்தது என்பதைக் கவிஞர் பெருமக்கள் அறிவர்.

கோல்கொண்டேயை உருவாக்கியவர்களும் புலம்பெயர்ந்தவர்களே. ஆசிரமத்தின் அன்னை பாரிசில் பிறந்தவர். அவருடைய தந்தை துருக்கியிலிருந்தும் தாய் எகிப்திலிருந்தும் வந்தவர்கள். அன்னை 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்தவர். கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் 1888-இல் பொஹீமியாவில் பிறந்து, 1910-இல் அமெரிக்கா சென்று, பிராங்க் லாயிட் ரைட்டிடம் பணியாற்றி, தோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் பணிக்காக ஜப்பான் சென்றவர். அங்கேயே தங்கித் தம் அலுவலகம் அமைத்து, ஜப்பானியத் தச்சரிடம் மரவேலையின் நுட்பங்களைக் கற்றுக் கான்கிரீட்டில் புதியன செய்தவர். அவருடைய உதவியாளர் பிரான்டிஷெக் சாமர் செக் நாட்டவர்; பாரிசில் லெ கொர்புசியேயிடமும், பின்னர் மாஸ்கோவிலும் பணியாற்றித் தோக்கியோ வழியே புதுச்சேரி சேர்ந்தவர். மற்றொருவர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு 1905-இல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் பிறந்தவர். ரேமண்டின் தோக்கியோ அலுவலகத்தில் சேர்ந்து 1937-இல் புதுச்சேரி வந்த அவர், ஊதியத்தை மறுத்து ஆசிரமவாசியானார். அவருக்கு அரவிந்தர் சூட்டிய பெயர் சுந்தரானந்தர். கட்டடத்துக்கான பெருந்தொகை ஐதராபாத் நிஜாம் அரசிலிருந்து, சர் அக்பர் ஐதரியின் முயற்சியால் வந்தது. கோல்கொண்டே என்னும் பெயர் அந்நன்றியின் அடையாளம்.

மணிமேகலையின் மண்டபத்தில் மகதமும் அவந்தியும் யவனமும் கூடியது போல இங்குச் செக் நாடும் அமெரிக்காவும் ஜப்பானும் பிரான்சும் ஐதராபாத்தும் கூடின. கட்டடப் பொருள்களும் தம் பங்கைத் தந்தன. சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, தரைக்குக் கடப்பைக் கல், கதவுக்குத் தேக்கு. போரினால் பொருள் வரத்து நின்றபோது, அன்பர்கள் அளித்த பழைய பாத்திரங்களை உருக்கிக் கதவுப் பூண்கள் வார்க்கப்பட்டன. ஆசிரமவாசிகளோடு கூலித் தொழிலாளர்களும் உழைத்தனர். உலகக் கட்டடக்கலை நூல்களில் ரேமண்ட், சாமர், நகாஷிமா ஆகிய மூவர் பெயரும் இடம்பெற்றுள்ளன. சட்டி சுமந்த தமிழ்த் தொழிலாளர் பெயர் அவற்றில் இல்லை. சாத்தனாரும் நாட்டின் பெயரைச் சொன்னாரே அன்றி, ஆளின் பெயரைச் சொல்லவில்லை.

கட்டடத்தின் அமைப்பைச் சற்று விரிவாகக் காண்பது தகும். வரிசையாக அமைந்த சிற்றறைகள். ஒருபுறம் நீண்ட நடை. அறைக்கும் நடைக்கும் இடையே மரப்பட்டிகள் கோத்த தேக்கு நகர்கதவு. அது காற்றை விடும், பார்வையைத் தடுக்கும். வடக்கு, தெற்கு முகங்கள் முழுவதும் சுவருக்கு மாற்றாகக் கிடைமட்டத் தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றை வேண்டியவாறு திருப்பலாம். வெயிலை மறைக்கலாம், கடற்காற்றை அழைக்கலாம், மழைக்கு மூடலாம். கூரையோ இரட்டைக் கூரை. இடையில் காற்று ஓடுவதால் வெப்பம் கீழிறங்குவதில்லை. அறையில் ஆடம்பரம் இல்லை. கட்டில், மேசை, நாற்காலி அளவே. துறவியின் அறைக்குரிய எளிமை. எனினும் வெளிச்சத்தையும் காற்றையும் ஆளும் உரிமை உள்ளிருப்பவர் கையில் இருக்கிறது. இக்கருத்து இவ்வுரை முழுமைக்கும் அச்சாணி போன்றது.

முள்வேலிக்குள் தச்சன்

நகாஷிமா 1939-இல் புதுச்சேரியை விட்டு ஜப்பான் வழியே அமெரிக்கா திரும்பினார். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 9066 எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். நகாஷிமாவும், அவருடைய மனைவியும், பிறந்து சில வாரங்களே ஆன மகளும் ஐடஹோ மாநிலத்தின் மின்னிடோகா முகாமை அடைந்தனர்.

மின்னிடோகாவின் கட்டடங்கள் மரச்சட்டத்தில் தார்க்காகிதம் போர்த்திய நீண்ட கொட்டகைகள். ஒவ்வொன்றும் வரிசையறைகளாகத் தடுக்கப்பட்டவை. வரிசையறைகளில் உயர்ந்ததொன்றைப் புதுச்சேரியில் எழுப்பத் துணைநின்றவர், ஐந்தாண்டுகளுக்குள் அவற்றில் தாழ்ந்ததொன்றில் அடைக்கப்பட்டார். அங்கே ஜப்பானில் மரபுமுறையில் பயின்ற கெந்தாரோ ஹிக்கோகாவா என்னும் தச்சரை அவர் சந்தித்தார். கிடைத்த கழிவு மரத்தையும் பாலைநிலச் செடியின் கட்டையையும் கொண்டு இருவரும் கொட்டகை அறையை மனிதர் வாழத்தக்கதாக்க முயன்றனர். மரபுக் கருவிகளையும் மரத்தைப் பொருத்தும் முறைகளையும் நகாஷிமா முகாமில் அவரிடமே கற்றார். 1943-இல் ரேமண்டின் பொறுப்பேற்பால் விடுதலை பெற்று, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறினார். அங்கே அவர் செய்த மேசைகளும் நாற்காலிகளும் உலகப் புகழ் பெற்றன. 1964-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் அவர் அறைகலன்களை வடிவமைத்துத் தந்தார். அவர் கருதிய அமைதி மேசைகளுள் ஒன்று, புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லை அடைந்தது. அமெரிக்க அரசு 1988-இல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டு, உயிருடன் இருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு வழங்க முன்வந்தது. நகாஷிமா 1990-இல் மறைந்தார்.

முகாமும் ஒரு கலைஞனை உருவாக்கியதல்லவா என இதனைக் கதையாக்கி மகிழ்வது பிழை. ஹிக்கோகாவா கற்றுத் தந்தார். முகாம் கற்றுத் தரவில்லை. அடைக்கப்பட்டவர் தம் ஆற்றலால் அதனைத் தாங்கினார் என்பது அடைத்தவருக்குப் பெருமை சேர்க்காது.

ரேமண்டின் வாழ்வில் வேறொரு பக்கம் உண்டு. 1943-இல் அமெரிக்கப் படை, தீக்குண்டுகளைச் சோதிக்க யூட்டா பாலைவனத்தில் ஜப்பானியத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் மாதிரியை அமைத்தது. வீடு எந்த மரத்தால் ஆனது, பாய் எவ்வளவு தடிப்பு என்பனவெல்லாம் அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். அதனை வடிவமைத்தவர் ரேமண்ட். ஈராயிரத்துக்கும் குறையாத நாட்கள் ஜப்பானியத் தச்சரோடு பழகிப் பெற்ற அறிவு, அத்தச்சர் கட்டிய வீடுகளை எரிக்கும் வழியைக் கணக்கிடப் பயன்பட்டது. 1945 மார்ச்சில் தோக்கியோ எரிந்தது. போருக்குப் பின் ரேமண்ட் மீண்டும் ஜப்பான் சென்று பல்லாண்டு கட்டடப் பணி செய்தார் என்பதும் வரலாறு. உலகத் தொடர்பு தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. பிற நாட்டாரின் வீட்டை அறிவது அன்பின் வழியும் ஆகலாம்; அழிவின் வழியும் ஆகலாம்.

லயமும் முகாமும்

வரிசையறை தமிழருக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம், திருச்சி, மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து இலங்கை மலையகத்தின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோருக்குத் தரப்பட்ட வீடு லயம். ஆங்கிலச் சொல்லாகிய லைன் என்பதே தமிழில் லயம் ஆனது. இசையில் ஒழுங்கையும் இன்பத்தையும் குறிக்கும் சொல்லோடு அது ஒலியால் ஒன்றிப்போனது கொடிய விபத்து. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. முன்னே ஒடுங்கிய திண்ணை. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள். இங்கிலாந்தின் ஆலைக் குடியிருப்பும் படைவீட்டு ஒழுங்கும் தோட்டத்துக்கு வந்தபோது பிறந்த வடிவம் இது. அதுவும் நவீனக் கட்டடக்கலையின் உலகத் தொடர்பே. அழகிய கட்டடங்களின் பட்டியலில் அதற்கு இடம் இல்லாமையால் அது மறைந்துவிடாது.

1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. மலையகத்தின் நாட்டார் பாடல்களைத் தொகுத்த கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை 1947-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மறு ஆண்டு அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் குடியுரிமையே வினாவாயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஏறத்தாழ 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு என்பது கணக்கு. மனிதரைப் பாகப்பிரிவினை செய்த அவ்வுடன்படிக்கையில் அவர்களுடைய விருப்பம் கேட்கப்படவில்லை. வந்தவர்களுள் பலருக்கு நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. அங்கும் தேயிலையே, அங்கும் வரிசை வீடே.

அந்நீலகிரிதான் பவானி ஆற்றின் பிறப்பிடம். அவ்வாறு மலையில் தோன்றி, கேரளத்துள் புகுந்து அட்டப்பாடி வழியே சென்று, மீண்டும் தமிழகத்துள் திரும்பி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. இரு மாநில எல்லைகளைக் கடந்து வரும் அவ்வாற்று நீர் 1948 முதல் 1955 வரை கட்டப்பெற்ற பவானிசாகர் அணையில் தேங்குகிறது. அதே பவானிசாகரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. 1983 இனக் கலவரத்துக்குப் பின் அலை அலையாகக் கடல் கடந்தோருக்குத் தமிழகமெங்கும் அமைந்த முகாம்களுள் அதுவும் ஒன்று. சிறிய அறைகள், வரிசைகள், பதிவேடு, வருகைக் கணக்கு என்பன அம்முகாம்கள் கண்ட வாழ்க்கை. 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின் இந்திய மண்ணில் பிறப்பதனால் மட்டும் குடியுரிமை கிட்டுவதில்லை. பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். 2019-இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளைச் சுட்டியது, இலங்கையைச் சுட்டவில்லை. முகாமில் பிறந்து, தமிழ்வழிப் பள்ளியில் படித்து, மணம் முடித்து, தம் பிள்ளையையும் பள்ளிக்கு அனுப்பும் ஒருவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் வந்திறங்கியவரே.

2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. முகாம்களில் 7,469 வீடுகள் புதிதாகக் கட்டும் திட்டத்தையும் தொடங்கியது. இவை வரவேற்கத்தக்கன. பெயரை மாற்றுவது கவிஞர் அறிந்த கலை. அதன் ஆற்றலையும் அதன் எல்லையையும் அவர்களே நன்கு அறிவர். சாத்தனாரின் மன்னன் சிறைக்கோட்டத்தின் பெயரை மாற்றியதோடு நிற்கவில்லை, உள்ளிருந்தோரை விடுவித்தான்.

கட்டுவோர் தங்கும் கொட்டகை

இதுவரை கூறியவை கடல் கடந்த துயரங்கள். கொங்கு நாட்டின் முற்றத்திலேயே நிற்கும் ஒன்றைப் பேசாமல் விட்டால் இவ்வுரை நேர்மையற்றதாகும்.

கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்களில் இன்று எழும் அடுக்ககங்களையும் ஆலைகளையும் கட்டுவோருள் பெருந்தொகையினர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். சாத்தனாரின் மகத வினைஞர் வந்த மண் இன்றைய பீகாரே என்பதைத் தமிழ் பயின்றோர் உணரவேண்டும். இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மையைப் போற்றும் நாவு, அத்தொன்மையின் தொடர்ச்சி கட்டட வாயிலில் நிற்கும்போது அதனை 'வடக்கன்' என்னும் ஒற்றைச் சொல்லால் கடந்து போகிறது.

அவர்கள் கட்டும் வீட்டில் காற்றோட்டத்துக்குக் கணக்கு உண்டு. சன்னலுக்கு அளவு உண்டு. கட்டும் காலத்தில் அவர்கள் தங்குவதோ பல இடங்களில் தகரம் அடித்த கொட்டகை. சித்திரை வெயிலில் தகரத்தின் அடியில் உறங்குவது எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்கென 1979-இல் இயற்றப்பெற்ற சட்டம், தகுந்த தங்குமிடம் தருவது ஒப்பந்தக்காரரின் கடமை என்றது. சட்டத்தில் எழுதப்பட்ட வீடு மண்ணில் எழும்பப் பல தலைமுறைகள் ஆகும் போலும்.

2020 மார்ச் 24-இல் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, இக்கொட்டகைகளின் இயல்பு வெளிப்பட்டது. வேலை நின்றது, கூலி நின்றது, தங்குமிடமும் நிலையற்றதாயிற்று. மே முதல் நாளில் தனி ரயில்கள் ஓடத் தொடங்கும் வரையில் நாடெங்கும் பலர் நூற்றுக்கணக்கான கல் தொலைவை நடந்தே கடக்க முனைந்தனர். நகரத்தைக் கட்டியவனுக்கு நகரத்தில் நிற்க இடமில்லை என்பதை உலகம் கண்டது. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அவை பொய் எனக் காவல்துறை மெய்ப்பித்தது. பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழுவும் நேரில் கண்டறிந்து சென்றது. எனினும் ஒரு வதந்திக்கு அஞ்சி மக்கள் மூட்டை கட்டினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வேரூன்ற இடம் தரப்பட்டவர் வதந்தி கேட்டவுடன் கிளம்பமாட்டார்.

கொங்கு நாடு இதனை எளிதில் உணரவல்லது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தறியடியிலும் சந்தையிலும் தமிழ் பேசும் நெசவாளர் குடும்பங்கள் இம்மண்ணில் பல. அவர்களுடைய முன்னோர் ஒரு காலத்தில் மூட்டையுடன் வந்தவர்களே. இன்று அவர்களை எவரும் வந்தேறிகள் என எண்ணுவதில்லை. 2005-இல் புவிசார் குறியீட்டுக்கு உரியதான பவானி ஜமக்காளத்தின் புகழ் இவ்வூருக்கே உரியது. அதை நெய்த கைகளின் பூர்விகம் யாது என்று அக்குறியீடு கேட்கவில்லை. வந்தவரைச் சொந்தமாக்கிய வரலாறு இங்கே இருக்கிறது. அதனை மறந்துவிடாமல் இருத்தலே வேண்டுவது.

கதவு யார் கையில்?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை காணலாம். கோல்கொண்டே, மின்னிடோகா, மலையகத்து லயம், பவானிசாகர் முகாம், கட்டடத் தொழிலாளர் கொட்டகை ஆகிய ஐந்தும் வரிசையறைகள். இவற்றின் துன்பம் ஒரு தன்மையது அன்று; போர்க்காலச் சிறையையும் புகலிட முகாமையும் தொழிலாளர் கொட்டகையையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் ஆகாது. ஆயினும் அவற்றைப் பிரித்தறிய உதவும் கேள்வி ஒன்று உண்டு. கதவைத் திறக்கவும் மூடவும் வல்லவர் யார்?

கோல்கொண்டேயில் உள்ளிருப்பவர் தகட்டைத் திருப்பி வெயிலை மறைக்கிறார், காற்றை அழைக்கிறார், வேண்டும்போது எழுந்து செல்கிறார். மற்றவற்றில் போவதும் வருவதும் தங்குவதும் வேறொருவர் எழுதும் ஏட்டைப் பொறுத்தன. கட்டடத்தை அறக்கோட்டமாக்குவது அதன் பாணியோ, அதற்கு வந்த பொருளோ, அதனைப் புகழும் நூலோ அன்று. உள்ளே வாழ்பவருக்கு அதன் கதவின்மீது உள்ள உரிமையே ஆகும்.

இதில் கவிஞர் கடன் யாது? புலம்பெயர்ந்த தமிழரின் துயரைப் பாடிய கவிதைகள் அண்மைக் காலத் தமிழுக்குப் புதிய குரலைத் தந்துள்ளன. அக்குரலைக் கேட்டு உருகும் உள்ளம், தன் தெருமுனையில் பிற மொழி பேசித் தங்கியிருப்பவனின் குரலையும் கேட்கவேண்டும். டொரண்டோவில் தமிழன் குளிரில் நடுங்கினால் அது இலக்கியப் பொருள். பெருந்துறையில் பீகாரி வெயிலில் வெந்தால் அது செய்தி மட்டுமே என்று பாகுபாடு செய்தல் புலமைக்கு அழகன்று. பெயர் சொல்லாமல் விடுபட்டவர்களின் பெயரைக் கேட்டு எழுதுவதே சாத்தனார் தொடங்கி வைத்த பணியை அவருக்கும் அப்பால் எடுத்துச் செல்வதாகும். மராட்டக் கம்மர் என்று ஒரு வரியில் நின்றவர்களுக்கு முகமும் ஊரும் தாய்மொழிப் பாட்டும் உண்டு. அப்பாட்டு தமிழில் பெயர்க்கப்படுமானால், சன்னலும் சாவியும் வந்த வழியில் இன்னும் சில சொற்கள் தமிழுக்கு வரக்கூடும். அவற்றோடு அவற்றைப் பேசுவோரும் உள்ளே வந்து அமரலாம்.

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டுப் பணி சொல்லுக்குக் கதவு திறந்து வைத்த பணி. அடுத்த பத்தாண்டில் அச்சொல்லைச் சுமந்து வருவோருக்கும் அக்கதவு திறந்திருக்குமாக.